ஒட்டுப் போட்ட கை

கட்டுகஸ்தோட்டைத் தையல் பயிற்சி நிலையத்தின் சன்னலருகே, இங்கேயே தங்கிப் பயிலும் என் பதினேழு வயது மகள் தாரணி நிற்கிறாள். பாலத்தின் மீது செல்லும் பேருந்துகளின் ஓசை உள்ளே வருகிறது. அவளது முதல் தையல் தேறாவிட்டால் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிடலாம் என்றே கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து நான் வந்திருக்கிறேன். வாடிக்கையாளரான ஸுமைரா தம் இளைய மகளின் வெள்ளைச் சீருடையை வெளிச்சத்தில் விரிக்கிறார். தோட்டப் பாடசாலையில் தான் அணிந்த சீருடையின் நினைவில், முஸ்லிம் மாணவியர் அணியும் முழுக்கைக்குப் பதிலாக அரைக்கை வெட்டிவிட்டாள் தாரணி. பின்னர் உடன் பயிலும் தோழி இல்மாவின் யோசனைப்படி கையின் கீழே துணியை இணைத்து, அந்த இணைப்பின்மேல் மெல்லிய பட்டியொன்றைத் தைத்திருக்கிறாள். "கையைக் குட்டையா வெட்டிட்டேங்க. ஒட்டுப் போட்டிருக்கேன்" என்கிறாள். அவளது விரல்கள் அளவு நாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருக்கின்றன. "சொல்லாம இருந்தா ஃபெஷன்னு நெனச்சிருப்பாங்க, லூசு!" என்று இல்மா முணுமுணுக்கிறாள். ஸுமைரா தாரணியைப் பார்த்துச் சிரித்தபடி பட்டியைத் தடவுகிறார். "மணிக்கட்ட மூடுது தானே, மகள். மூத்தவளுக்கும் இதே மாதிரி தச்சித் தாங்க." தாரணி கொப்பியைத் திறந்து புதிய அளவை எழுதத் தொடங்குகிறாள். ஸுமைராவையும் இல்மாவையும் மனத்தால் வணங்குகிறேன். மகளின் உடுப்புகளை எடுத்துச் செல்லக் கொண்டுவந்த பையை வெறுமையாகவே மடித்துக்கொண்டு, கலஹா பேருந்துக்குத் தனியே எழுகிறேன்.