நாலுவழிச் சாலை கேட்ட நாள்

பாப்பாரப்பட்டிக் கடைவீதியில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடக்கின்றன. தருமபுரி வரைக்கும் நாலுவழிச் சாலை கேட்டு வணிகர் சங்கம் நடத்தும் கடையடைப்பு முழு வெற்றி. சங்கச் செயலாளர் தேன்மொழி, பூட்டிய தன் புளி மண்டியின் முன்னால் நின்று எதிர்ப்பக்கத்தையே பார்க்கிறாள். அங்கே ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி ஒருவர் ஸ்டாண்டில் கேமராவை மாட்டிச் சாலைப் பக்கம் திருப்புகிறார். "என்னங்க சார் இது?" "ரோடு சர்வேம்மா. எத்தனை வண்டி போகுதுன்னு இது எண்ணும். அதை வெச்சுத்தான் பணம் ஒதுக்குவாங்க." "இன்னைக்குங்களா? நாளைக்கு வாங்க சார், நடக்கவே வழியிருக்காது." "நாளைக்கு வேற ஊரும்மா." ஒரு லாரிகூட உள்ளே வரக்கூடாதென்று நேற்று டிரைவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டவளே தேன்மொழிதான். கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. வெயில் காயும் வெற்றுச் சாலையை ஒரு நாய் நிதானமாகக் கடக்கிறது. அவள் போனில் லாரி டிரைவர் ஒருவரின் எண்ணைத் தேடுகிறாள். அதற்குள் டீக்கடை சத்யராஜ், பூட்டிய தன் கடைப்படியில் ஏறி நின்று சாலையின் இரண்டு கோடியையும் பார்த்துவிட்டு, அதிகாரிக்கும் கேட்கும்படி பெருமையாகக் கத்துகிறான்: "பாத்தீங்களாக்கா, ஒரு ஈ காக்கா இல்ல!"