மச்சினனுக்கு ஒரு பேட்டரி

பேட்டரிக் கடைக்காரர் வாயைத் திறந்தால் மூட மாட்டார் போலிருந்தது. குவாரி மேனேஜர் தெருவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஜீப்புல வின்ச் இருக்குங்கறீங்க. இரும்புக் கயிறு சுத்துற மோட்டார் அது. சேத்துல மாட்டின வண்டிய இழுக்கும்போது பேட்டரிய உறிஞ்சி எடுத்துடும். சாதா பேட்டரி தாங்காது. மேடு பள்ளத்துல குலுங்கினாலே உள்ள தகடு உதிர்ந்துடும்." கறுப்பாக, சிவப்புக் கைப்பிடியோடு இருந்த ஒன்றைத் தட்டினார். "இது அப்படி இல்ல. ஆசிட் பஞ்சுல ஊறியிருக்கும். கவுத்துப் போட்டாலும் சொட்டு சிந்தாது. என்ஜின் நின்னு போனாலும் இது இழுக்கும்."

"என்ஜின் எப்ப நிக்கும்?"

"ஆத்துல இறங்கிப் பாருங்க. உள்ள தண்ணி போனா அவ்வளவுதான். அப்புறம் உசுரு பேட்டரி கையில."

மேனேஜர் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார்.

"வண்டி உங்களுதா சார்?"

"எனக்கென்ன பைத்தியமா? மச்சினனோடது."

மச்சினனை நினைத்தாலே மேனேஜருக்கு வாய் கசக்கும். மாமனார் கண்ணை மூடியதும் கல்குவாரி மகன் பேருக்குப் போயிற்று. மருமகனுக்குக் கிடைத்தது மேனேஜர் நாற்காலி. அதிலும் ஒரு கால் ஆடும். லாரிக்காரர்களிடமும் வெடி வைப்பவர்களிடமும் மல்லுக்கட்டுவது இவர். 'முதலாளி' என்று எல்லாரும் கும்பிடுவது அவனை. முதலாளியோ ஞாயிற்றுக்கிழமையானால் ஜீப்பைச் சேற்றில் இறக்குவான். அப்புறம் அதைச் சேற்றிலிருந்து ஏற்றுவான். இதற்கு ஒரு சங்கம் வேறு. மாட்டிக்கொள்வதற்கென்றே பெட்ரோல் போட்டுக்கொண்டு போகும் கூட்டம்.

கல்யாணமும் ஆகவில்லை. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அக்காள்தான் வாரிசு. அக்காள், புருஷன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவள்.

"இதையே கட்டிடவா சார்?"

மேனேஜர் மூலையைக் காட்டினார். கழற்றிப் போட்ட பழைய பேட்டரிகளின் குவியலில் ஒரு சிவப்புக் கைப்பிடி தெரிந்தது.

"அது?"

"அதே கம்பெனி, அதே சைஸ். ஆனா செத்தது. வண்டி ஸ்டார்ட் ஆகும், லைட் எரியும். வின்ச் சுவிட்சைத் தொட்டா கொஞ்ச நேரத்துல படுத்துடும். ஓடுற என்ஜினையும் சேத்துப் படுக்க வச்சிடும். காயலான் கடைக்குப் போகுது."

"அதைத் துடைச்சு, புதுப் பெட்டியில போட்டுக் குடுங்க."

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கருமித்தனம் என்று எடுத்துக்கொண்டார். "அக்கா புருஷன்னா சும்மாவா!"

துடைக்கும்போதும் அவர் வாய் ஓயவில்லை. "ஒண்ணு தெரியுமா சார்? இப்படிக் கூட்டமாப் போறவங்க, எவன் வண்டியில பெரிய பேட்டரி இருக்கோ, அவனை என்ன செய்வாங்கன்னா..."

"சீக்கிரம் கட்டுங்க," என்றார் மேனேஜர். பேட்டரி விற்கிறவனிடமெல்லாம் பாடம் கேட்க அவருக்குப் பொறுமையில்லை.

மச்சினன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டான். "எனக்காகவா மாமா இவ்வளவு செலவு?"

"உசுரு முக்கியம் மாப்ள. ஆத்துல எப்பவும் நீதான் முதல்ல இறங்குவியாமே?"

"வேற எவனுக்கு தைரியம் இருக்கு? இந்த வாரம் நீங்களும் வரணும் மாமா. நீங்க இல்லாம நான் போக மாட்டேன்!"

போனால் என்ன? வீட்டு மனுஷன் ஒருவன் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் நாளைக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் முதுகு வலியைச் சொல்லி, சங்கத் தலைவரின் ஜீப்பில் இடம் பிடித்தார். அந்த ஜீப் எந்த ஆற்றிலும் ஒருமுறைகூட மாட்டியதில்லை என்று எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள்.

ஆறு கலங்கலாக, அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் தன் ஜீப்பைத் திறந்து போட்டு, புதுப் பேட்டரியைக் காட்டிப் பீற்றிக்கொண்டிருந்தான். எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தலைவரும் பார்த்தார், தலையாட்டினார். கோமாளிகள். மேனேஜர் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அழுவதற்கு ஒத்திகை வேண்டியிருந்தது. 'தலைபாடா அடிச்சிக்கிட்டேன் சார், கேக்கலையே.' தலைபாடா என்னும் இடத்தில் குரல் உடைந்தால் நன்றாக இருக்கும்.

பாதம் சில்லென்றது.

கண்ணைத் திறந்தார். ஒத்திகை மும்முரத்தில் ஜீப் கிளம்பியதே உறைக்கவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர். தலைவர் ஸ்டியரிங்கோடு போராடிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் இது? என் மச்சினன்தானே முதல்ல இறங்குவான்?"

"அது போன வாரம் வரைக்கும். எங்க சங்கத்துல வின்ச் ரெண்டு வண்டிக்குத்தான். அதுல எவன்கிட்ட பெரிய பேட்டரியோ, அவன் கரையில நின்னு மத்தவங்களை இழுக்கணும். இத்தனை நாளும் நான்தான் நின்னேன். இன்னிக்கு அவன் கரையில, நான் ஆத்துல."

என்ஜின் இருமியது. இன்னொரு தரம் இருமிவிட்டு நின்றது. தண்ணீர் சீட்டுக்கு ஏறியது. தலைவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி சாதாரணமாகக் கேட்டார்: "நீச்சல் தெரியுமில்ல?"

மேனேஜருக்குத் தெரியாது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். ஜீப்பின் பின்னால் மாட்டியிருந்த இரும்புக் கயிறு கரை வரைக்கும் நீண்டிருந்தது. அதன் மறுமுனையில் மச்சினன் வின்ச் சுவிட்சை உயர்த்திக் காட்டி, ஆற்றுச் சத்தத்தையும் மீறிக் கத்தினான்.

"பயப்படாதீங்க மாமா! உங்களை இழுக்கப்போறது நீங்க வாங்கிக் குடுத்த பேட்டரி!"