பச்சைக் குண்டூசி

போர் வரைபடத்தில் ஒரு பச்சைக் குண்டூசி என்றால் ஒரு கம்பெனி, நூற்றிருபது சிப்பாய்கள். ஆட்கள் குறைந்தாலும் குண்டூசி சிறுத்துப்போவதில்லை. ரேடியோவில் பதில் வரும்வரை அது குத்திய இடத்திலேயே நிற்கும்.

தலைமையக ரேடியோக்காரன் சூசை காலையிலிருந்து ஹெட்போனும் காதுமாக உட்கார்ந்திருந்தான். ஆற்றங்கரையில் இருக்கும் மூன்றாம் கம்பெனியை அவன் மணிக்கொரு தரம் கூப்பிட வேண்டும். "நிக்கிறோம் சார்" என்று பதில் வரும். ரேடியோவில் யாரும் 'நான்' என்று பேசக் கூடாது, கம்பெனிதான் பேச வேண்டும் என்பது பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பது.

மூன்று மணிக்குக் கூப்பிட்டபோது இரைச்சலுக்கு நடுவே அதே குரல், "நிக்கிறேன் சார்" என்றது.

சூசையின் கை தானாகக் குண்டூசியின் தலையைத் தொட்டது.

"என்னப்பா சொல்றாங்க?" பின்னாலிருந்து கர்னல் கேட்டார்.

"சார்... ஒருத்தன்தான் மிச்சம்போல. நிக்கிறேன்னு சொல்றான்."

"பதில் வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு சார்."

கர்னல் குண்டூசியைப் பிடுங்கி, இரண்டு விரற்கடை தள்ளி, பாலத்தின்மேல் குத்தினார். "அப்போ பாலத்தைப் பிடிக்கச் சொல்லு."

சூசை சொன்னான். 'பாலம்' என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் சொன்னான். மறுமுனையில், தப்பைத் திருத்திக்கொள்பவன்போல அந்தக் குரல் ஒருமுறை செருமிக்கொண்டது.

"கிளம்புறோம் சார்."