ஞாயிற்றுக்கிழமைக் கோளாறு

“இதுல எது சீக்கிரமா கெட்டுப்போகும்?” என்று கேட்டாள் சரசா.

கடைக்காரர் பூபாலன் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆவடி செக்போஸ்ட் பக்கம் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் சாமான் விற்கிறார். எது நல்லது, எது மலிவு என்று கேட்பார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

கெட்டுப்போகிறதை ஒதுக்கிவிட்டு நல்லதை எடுக்கத்தான் கேட்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். விவரமான அம்மா.

கண்ணாடி மேசைமேல் அவர் எடுத்து வைத்த மூன்று ராம்கள், அதாவது கம்ப்யூட்டரின் மெமரி, வரிசையாக இருந்தன. மூன்றும் சீப்பு அளவுகூட இல்லாத பச்சைப் பட்டைகள், ஓரத்தில் தங்க நிறப் பற்கள்.

“இத எடுத்துக்கம்மா. ஆயுசுக்கும் வாரண்டி. மாட்டினா மறந்துடலாம். அப்புறம் நீ பொட்டியத் தொறக்கற வேலையே இல்ல.”

அதுதான் அவளுடைய பயம்.

மகன் லோகேஷ் கனடாவுக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தவறாமல் கூப்பிடுவான். சாப்டியா, அப்பாவுக்கு முட்டி வலி எப்படி, இங்கே ஒரே குளிர், சரிம்மா வைக்கிறேன். நாலு நிமிடம். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பாள், கண் போய்விடும்.

கம்ப்யூட்டர் ஓடாத ஞாயிறு மட்டும் வேறு.

லோகேஷ் கல்லூரி முடித்த வருடம் பாகங்களை வாங்கித் தானே பூட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. அது படுத்துக்கொண்டால் அவனுக்குப் பொறுக்காது. போன் கேமராவைப் பெட்டிக்குள் காட்டச் சொல்வான். சரசா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ராமைப் பிடுங்கி, அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி சொருக வேண்டும். சரியாகச் சேராவிட்டால் பெட்டி மூன்று முறை கீச்சிடும். திரும்பவும் பிடுங்கு, தேய், ஊது.

அந்த நடு நடு நேரத்தில்தான் அவன் பேசுவான். மிளகு ரசம் வைக்கப்போய் பாத்திரத்தைக் கரியாக்கியது. பஸ் நிறுத்தத்தில் பனியில் வழுக்கி விழுந்து, யாரும் பார்க்கவில்லை என்று எழுந்து நடந்தது. வேலை பிடிக்கவில்லை என்பதைக்கூட ஒருநாள் இரண்டு கீச்சுக்கு நடுவில்தான் சொன்னான். ஐம்பது நிமிடம், சில வாரம் ஒரு மணி நேரம்.

இரண்டு வருடமாக அவளுக்கு மகன் என்றால் அந்த ஐம்பது நிமிடக்காரன்தான். நாலு நிமிடக்காரனை அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது.

காரியத்தைக் கெடுத்தது அவள் கணவர் நடேசன். முப்பத்து நாலு வருடம் டாங்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வாராவாரம் மக்கர் செய்கிற ஒரு சாமான் தன் வீட்டில் இருப்பது அவருக்கு மானப் பிரச்சினை. இன்று காலையில் பழைய ராமைத் தானே கழற்றி, அவள் கைப்பையில் போட்டு, புதுசு இல்லாமல் வீட்டுக்கு வராதே என்று அனுப்பிவிட்டார்.

“எதுக்கும் பழசக் குடும்மா, பாத்துடலாம்” என்று பூபாலன் கையை நீட்டினார்.

கொடுக்க அவளுக்கு மனமில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

கடையில் சோதனைக்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டரில் அதைச் சொருகினார். கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. சரசா ஸ்டூலில் உட்கார்ந்து இருபது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பிழையாவது வரட்டும் என்று சாமியைக்கூட வேண்டிக்கொண்டாள். வரவில்லை.

“இது ஜம்முனு கீதும்மா. ஒரு கோளாறும் இல்ல. யாரோ சரியா சொருகாம உட்டுருக்காங்க.”

“தெரியும்” என்றாள் சரசா. “சனிக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்காரரு தூங்கறப்ப நான்தான் லேசா தூக்கி உட்டுடுவேன்.”

முதல் தடவை நிஜமாகவே தூசிதான். அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டர் நன்றாக ஓடியது, அவனும் நாலு நிமிடத்தில் வைத்துவிட்டான். அதற்கடுத்த சனிக்கிழமை அவளே பெட்டியைத் திறந்தாள். மகனிடமும் கணவரிடமும் சொல்ல முடியாதது, முன்பின் தெரியாத ஒரு கடைக்காரரிடம் வாய்விட்டு வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அதைவிட, வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் பயமாக இருந்தது.

பூபாலன் சோதனைக் கம்ப்யூட்டரை நிறுத்தினார். ராமைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் அவர் கடை ஸ்டிக்கரே ஒட்டியிருந்தது. அதன்மேல் மார்க்கரில் எழுதிய, வாங்கியவர் பெயர் பாதி அழிந்திருந்தது. கண்ணருகே வைத்துப் படித்தார்.

“நீங்க லோகேஷோட அம்மாவா?”

அவள் தலையாட்டினாள்.

பூபாலன் மேசைமேல் இருந்த மூன்று புது ராம்களையும் எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். பழையதை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இந்த மாடல் ஸ்டாக் இல்ல, எங்கயும் கெடைக்காதுன்னு ஊட்ல சொல்லிடுங்க.”

சரசா புரியாமல் அவரைப் பார்த்தாள்.

“நானா சொல்லலம்மா. உங்க பையன்தான் அங்கேர்ந்து போன் பண்ணாரு. எங்கம்மா வந்து ராம் கேட்டா இல்லைனு சொல்லிடுங்கண்ணான்னு கெஞ்சாத கொறையா கேட்டுக்கினாரு. ரெண்டு வருசம் ஆவுது, இன்னிக்கு வந்தது நீங்கன்னு எனக்குத்தான் தெரியல.”