காலைப் பிடித்த கை

லியோ ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கி, அடுத்த கட்டிலில் கிடந்த ஃபிரெடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

முந்தின நாள் நண்பர்கள் மூன்று பேரும் வெள்ளாற்று முகத்துவாரத்துக்குப் படகில் போயிருந்தார்கள். மழை வலுக்கிறது, திரும்பிவிடலாம் என்று முத்துராமன் எத்தனையோ முறை சொன்னான். லியோதான் கேட்கவில்லை. சூறைக்காற்றில் படகு கவிழ்ந்தது. கடைசியில் மீனவர்கள் வந்து மூவரையும் கரை சேர்த்தார்கள்.

"ஃபிரெடி, தண்ணிக்குள்ள ஒரு கை என் காலைப் பிடிச்சுச்சுடா. முத்துராமன் படகுக்கு அங்கிட்டு விழுந்தான், அதனால அது நீதான்னு தெரியும். என்னையும் சேத்து முக்கிருவியோன்னு பயந்து எட்டி ஒதைச்சுட்டேன். மன்னிச்சிருடா."

ஃபிரெடி புரியாமல் விழித்தான். "நான் ஒன்னையப் பிடிக்கவே இல்லையேடா. நீதான என் காலைப் பிடிச்சே? நானுல்ல ஒன்னைய ஒதைச்சேன்!"

"நான் யாரையும் பிடிக்கலடா."

அப்போது முத்துராமன் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். அவன் உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றான் அவன். "தண்ணிக்குள்ள முதல்ல லியோவை, அப்புறம் ஃபிரெடியை, காலைப் பிடிச்சுப் படகுப் பக்கமா இழுத்துப் பாத்தேன். ரெண்டு தடவையும் பிடி நழுவிருச்சு. அதை நெனச்சு நெனச்சுத் தூக்கமே வரல. மன்னிச்சிருங்கடா."

"பரவாயில்லடா, விடு" என்று சொல்லிவிட்டான் லியோ.

ஆனால் முத்துராமன் நீட்டிய டீயை வாங்கத்தான் அவனுக்குக் கை எழவில்லை.