நாற்பது கிலோ

"ட்ரெயின் மாலூர் தாண்டி நின்னுக்கினு கீதாம். பசங்க வந்து சேர ஏழு ஆயிடும்" என்றார் கொர்னேலியஸ், போனை அணைத்தபடி.

அவர் மனைவி லூயிசாவுக்குக் குப்பென்று வியர்த்தது. ஐம்பது வயது, மாதவிலக்கு நிற்கிற நேரம். சூடும் எரிச்சலும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடும். உள்ளே மாமியார் ஐடா சவப்பெட்டியில் கிடக்க, வானமோ ஆண்டர்சன்பேட்டை மேலேயே கருத்துக்கொண்டு நின்றது. மழை பிடித்தால் வெட்டிய குழி குளமாகிவிடும். கல்லறைத் தோட்டம் வரை சந்து, வண்டி போகாது. தோள் கொடுக்க வேண்டிய பையன்கள் விடிகாலையிலேயே பெங்களூரு வேலைக்குப் போய்விட்டார்கள். அப்புறம்தான் கிழவி கண்ணை மூடினாள்.

வாசலுக்கும் பெட்டிக்குமாக லூயிசா நடையாய் நடந்தாள்.

"ஏங்க, நாங்களே தூக்கிடறோமே? நான், ஆனி, ஜாய், பாக்யலட்சுமி... ஜிம்முக்குப் போறவங்களே ஆறு பேரு கீறோம்."

"இன்னாடி பேசறே? பொம்பளைங்க பெட்டி தூக்கறதா? அதுவும் எங்கம்மாவ?" இடுப்பு வலிக்குக் கட்டியிருந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே சீறினார் அவர். "நீ ஜிம்முக்குக் கெளம்பறப்பல்லாம் அம்மா இன்னா கேக்கும்? மறந்துட்டியா?"

மறக்குமா? ராத்திரி கண்ணை மூட முடியாமல் தவித்தவளை, எடைப் பயிற்சி செய்யச் சொல்லி டாக்டரம்மா அனுப்பி நாலு மாதம். உடம்பு கொஞ்சம் அடங்கியது, உறக்கம் வந்தது. மாமியார்தான் அடங்கவில்லை. "இத்தினி கிலோ தூக்கறியே, பொணம் தூக்கவா போறே?" தினமும் இதே கேள்வி. லூயிசா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டு போய் இரும்பின் மேல் ஆத்திரத்தைக் காட்டுவாள்.

முதல் தூறல் விழுந்தபோது பாஸ்டர் குடையோடு ஓடிவந்தார்.

"இன்னும் எடுக்கலியா? லூயிசா, உங்க ஆளுங்க எங்க?"

"என் ஆளுங்களா?"

"ஐடாம்மா போன மாசமே சொல்லிட்டாங்களே! 'பசங்க ட்ரெயின நம்பிக்கினு என்னை மழையில போட்டு வெக்காதீங்க பாஸ்டர். என் மருமவ நாப்பது கிலோ தூக்கறா, நான் முப்பத்தெட்டுதான் கீறேன். தினமும் கேட்டுப் பாக்கறேன், அவதான் பதில் சொல்லாம மூஞ்சத் திருப்பிக்கினு போறா'ன்னு."

கொர்னேலியஸ் நகர்ந்து வழிவிட்டார். லூயிசா ஆனியையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, பெட்டியின் தலைமாட்டில் தோளைக் கொடுத்தாள்.

"ஆமா அத்தே" என்றாள் அழுதுகொண்டே. "தூக்கத்தான் போறேன்."