கவிழ மறுத்த டப்பா

ஜெசிந்தாவின் சமையலறையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. பிள்ளைகள் ஐஸ்கிரீமைத் தீர்த்து, மூடியையும் தொலைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதன் பிறகு தோசைமாவு, கறிவேப்பிலை, உரித்த பூண்டு என்று எதையாவது சுமந்துகொண்டு அது நிம்மதியாகவே இருந்தது.

ஒருநாள் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். ஆணியில் தொங்கிய துணிப்பை எட்டிப் பார்த்தது. ஏதோ கடைத் திறப்புவிழாவில் இலவசமாய் வந்த பை அது. 'நூறு முறை பயன்படும்' என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது. மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

"தம்பி, உன் அடியில என்ன எழுதியிருக்கு தெரியுமா? ஒருமுறை பயன்படுத்தியதும் குப்பையில் போடவும்னு இருக்கு."

டப்பாவுக்குத் திக்கென்றது. "நிஜமாவாண்ணே?"

அதற்குள் ஜெசிந்தா வந்து அதில் பலாச்சுளைகளை நிரப்பி, எதிர்வீட்டு நூர்ஜஹானிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "டப்பாவைத் திருப்பித் தர வேண்டாம்க்கா" என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

தன் கதை முடிந்தது என்றே டப்பா நினைத்தது.

நூர்ஜஹான் சுளைகளை எடுத்துவிட்டு டப்பாவைக் கழுவினாள். அதைத் தூக்கிக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் நடந்தாள். ஆனால் அங்கே நிற்கவில்லை. "வெறும் டப்பாவை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?" என்று முணுமுணுத்தபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

சாயங்காலம் விளிம்புவரை சேமியா பாயசத்தோடு டப்பா வீடு வந்து சேர்ந்தது.

"அந்த எழுத்து இன்னும் இருக்கா தம்பி? கொஞ்சம் கவிழ்ந்து காட்டேன்" என்றது பை.

"இப்ப முடியாதுண்ணே," என்றது டப்பா. "பாயசம் கொட்டிடும்."